டர்போ மோட்டார் வண்டிக்கு டவுன்பைப் தெரிந்தெடுத்தல்

சென்னையினின்று பெங்களூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்துள்ள ஊர் பென்னலூர். ஏரியும் வயலுமாய் விளங்கிய இப்பக்கம் இன்று மோட்டார் வண்டிகள் பிறக்கும் நிலமாயிற்று. அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை 1998-ஆம் ஆண்டில் வண்டிகளை வெளியிடத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 2019-இல் வென்யூவும், 2020-இல் மேக்னைட்டும், டர்போ பூண்ட சிறு பெட்ரோல் யந்திரங்களோடு இவ்விடங்களினின்று புறப்பட்டன. இருங்காட்டுக்கோட்டையிலேயே, 1990-இல் திறக்கப்பெற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள மோட்டார்ப் பந்தயக் களமும் இருக்கின்றது.

இத்தகைய இடத்தில் வாழும் இளைஞருக்கு வேகத்தில் வேட்கை பிறத்தல் இயல்பே. பென்னலூரில் தங்கி ஒரகடத்திற்கு நாடோறும் தம் வண்டியிற் சென்று வரும் நம் கல்லூரிப் பழைய மாணவரொருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினா விடுத்தனர். தம் டர்போ வண்டிக்குப் புதிய டவுன்பைப் வாங்க எண்ணிக் கடையிற் பார்த்தபோது இரண்டு கிடைத்தனவாம். ஒன்று மூன்றங்குல வெறுங்குழாய், மற்றொன்று அவ்வளவினதே, ஆயினும் புகையைத் தூய்மை செய்யும் பேழை உள்ளடங்கியது, விலையும் மிக்கது. எதனைக் கொள்வது என்பதே வினா. இதற்கு விடை காணுமுன் அக்குழாயின் தொழிலை ஆராய்வோம்.

யந்திரத்தினின்று வெளியேறும் புகை வெப்பமும் விசையும் உடையது. அவ்விசையை வீணாக்காது ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிற் பொருந்திய மற்றொரு சக்கரத்தால் யந்திரத்திற்குள் மிகுதியான காற்றை அழுத்திப் புகுத்துவதே டர்போவின் இயல்பு. ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி என்பார் இக்கருத்திற்கு 1905-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றனர். சக்கரத்தைச் சுழற்றிய புகை கீழிறங்கிச் சைலன்சரை நோக்கிச் செல்லும் முதற் குழாயே டவுன்பைப் எனப்படும்.

சக்கரத்தைச் சுழற்றுவது அதன் முன்னுள்ள அழுத்தத்திற்கும் பின்னுள்ள அழுத்தத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடே. பின்னே நெருக்கடி குறையுமாயின் சக்கரம் விரைந்து சுழலும். குழாயின் விட்டத்தை இரண்டரை அங்குலத்தினின்று மூன்றாக்கினால், புகை செல்லும் வழியின் பரப்பு நூற்றுக்கு 44 பங்கு மிகும். ஆகவே அகன்ற குழாயால் ஊக்கம் உண்டென்பது பொய்யன்று. ஆயினும், இக்காலத்து வண்டிகளில் காற்றழுத்தம் இவ்வளவே ஆகவேண்டுமென்று கணிப்பொறி வரையறுத்து வைத்திருக்கின்றது. அதனை மாற்றாது குழாயை மட்டும் மாற்றினால், டர்போ சிறிது முன்னரே விழித்தெழுமேயன்றிச் சக்தி பெரிதும் வளராது. அன்றியும், மிகுந்த புகையைச் சக்கரத்திற் படாது வேறுவழி விடும் சிறு கதவொன்று டர்போவில் உண்டு. நெருக்கடி அளவுக்கு மீறிக் குறையின் அக்கதவு போதாதாகி, அழுத்தம் தானே ஏறி யந்திரத்திற்கு ஊறு விளைத்தலுங் கூடும்.

இனி, நல்ல குழாயின் இலக்கணம் கூறுவோம். உலோகத்தில் 304 என்னும் எவர்சில்வர் வகை துருவை நன்கு எதிர்க்கும். 409 என்னும் வகை விலை குறைந்தது, மேலே துருப்பிடிக்கும். காந்தத்தை அருகிற் கொணர்ந்தால் பின்னையது பற்றிக்கொள்ளும். முன்னையது பெரும்பாலும் பற்றாது. வாங்குவோர் ஏமாறாதிருக்க இவ்வெளிய சோதனை உதவும். 304 வெப்பத்தால் மிகுதியாக நீளுமாதலால், வளைந்து கொடுக்கும் மடிப்புக்குழாய் இடையில் இருத்தல் வேண்டும். இன்றேல் பற்றவைத்த இடம் வெடிக்கும். இணைப்புத் தட்டு சமமாயிருத்தலும், ஆக்ஸிஜன் சென்சார் பொருந்தும் துளை பழைய இடத்திலேயே அமைதலும், வெப்பந்தாங்கும் மறைப்பு அகற்றப்படாமையும் காண்க. இணைப்பிற் சிறு கசிவு இருப்பினும் வெளிக்காற்றுப் புகுந்து சென்சார் பொய்க்கணக்குக் கூறும்.

எனினும் இவையனைத்தினும் முக்கியமானது அப்பேழையே. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எனப்படும் இது, தேன்கூடு போன்ற நுண்துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் பூசப்பெற்றது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவையும், எரியாது எஞ்சிய பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் இது பெரும்பாலும் தீங்கற்றவையாக மாற்றுகின்றது. இது தொழில் செய்ய ஏறத்தாழ 250 முதல் 300 பாகை வெப்பம் வேண்டும். வண்டி புறப்பட்டவுடன் விரைவிற் சூடேறும் பொருட்டே இதனை டர்போவின் அருகில், டவுன்பைப்பில் வைத்தனர். நம் நாட்டின் நான்கு பெருநகரங்களிற் புதிய பெட்ரோல் கார்களுக்கு இப்பேழை 1995-ஆம் ஆண்டில் கட்டாயமாயிற்று. சென்னையும் அவற்றுள் ஒன்று. 2020 ஏப்பிரல் முதல் நாள் தொடங்கிப் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் கடுமையான அளவுகோல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

வெறுங்குழாயைப் பொருத்துவோர், பேழைக்குப் பின்னுள்ள சென்சார் குற்றங் கூறாவண்ணம் அதனை இடைத்துண்டு வைத்து ஏமாற்றுவதும் உண்டு. இது சாட்சியின் வாயைக் கட்டுதலேயன்றிக் குற்றத்தை நீக்குதலன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52-ஆம் பிரிவு, பதிவுப் பத்திரத்திற்கும் தயாரித்தோர் வகுத்த அமைப்பிற்கும் மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. புகை, ஓசை பற்றிய விதிகளை மீறின் 190-ஆம் பிரிவின்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ நேரலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் இழக்கப்படும்.

பேழையுடைய இரண்டாங் குழாய் குற்றமற்றதோ எனின், அதுவும் முழுதும் அன்று. தயாரித்தோர் வைக்கும் பேழையில் ஒரு சதுர அங்குலத்திற்கு 400-க்குக் குறையாத துளைகள் இருத்தல் வழக்கம். புகை தடையின்றிச் செல்லவேண்டி விற்கப்படுவனவற்றில் 200 அளவே இருப்பதுண்டு. துளை குறையக் குறைய நஞ்சு படியும் பரப்பும் குறையும். வெறுங்குழாயினும் இது பன்மடங்கு மேலாயினும், தயாரித்தோர் அமைப்புக்கு ஈடாமென்று சான்றின்றிக் கொள்ளலாகாது.

ஆதலின் நம் நண்பருக்கு நாம் கூறிய விடை இது: பந்தயக் களத்தில் மட்டும் ஓடும் வண்டியாயின், அப்பந்தயத்தின் விதிகள் இடந்தருமளவில் அகன்ற குழாயைத் தேர்ந்து, கணிப்பொறியையும் அதற்கேற்பத் தக்காரைக் கொண்டு திருத்துக. பொதுச்சாலையில் ஓடும் வண்டியாயின் வந்த குழாயே நன்று. அது பழுதுற்றால் அவ்வண்டிக்கென வகுத்த, பேழையோடு கூடிய குழாயையே மீண்டும் பொருத்துக. வேகத்தின் சுவையை நுகர விரும்பின் களம் அருகிலேயே உள்ளது.

விடியற்காலையில் பென்னலூர்ச் சாலையோரத்தில் பள்ளிச் சிறாரும் தொழிற்சாலை செல்வோரும் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். நம் வண்டி அவர்களைக் கடந்து ஒரு கணத்தில் மறையும். அதன் புகையோ அவர்தம் மூச்சில் நிற்கும். குழாயைத் தெரிந்தெடுக்கும்போது இதனையும் எண்ணுவோமாக.