பழைய விளையாட்டு யந்திரத்திற்குப் புதிய பிடி

கேரள மாநில உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் சங்கங்கள் 2018-இல் தொடங்கப்பெற்றன. 2022-இல் 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபோட்டிக்ஸ் பெட்டிகள் வழங்கப்பட்டன. அப்பெட்டியிலுள்ள பொருள்களுள் மிக எளியது சிறு அழுத்து ஸ்விட்ச் ஆகும். எளியது என்பதனாலேயே அதனை யாரும் உற்று நோக்குவதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய எல்லைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மாணவர்களுக்கு ஸ்விட்சின் தத்துவத்தை விளக்க முற்படும் ஆசிரியருக்கு, பழைய வீடியோ விளையாட்டு யந்திரத்தின் பிடியைப் போன்ற நல்ல பாடப்பொருள் அரிதாகவே கிட்டும்.

அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 1977-இல் வெளியிட்ட யந்திரம், பின்னர் அடாரி 2600 என்று பெயர் பெற்றது. அதற்கென 1978 முதல் வெளிவந்த சி.எக்ஸ்.40 என்னும் கறுப்புப் பிடியில் ஒரு கோலும் ஒரு சிவப்புப் பொத்தானும் மட்டுமே உண்டு. உள்ளே ஒரு சுற்றுப்பலகை. அதன்மேல் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஐந்து மெல்லிய உலோகத் தகடுகள். கோலைச் சாய்த்தால் உரிய தகடு அமுங்கிப் பலகையைத் தொடுகிறது. விரல் வலிக்க வலிக்க விளையாடும் சிறுவர்களிடம் இவ்வமைப்பு நெடுங்காலம் தாங்குவதில்லை. தகடு தளர்ந்துபோகும், அல்லது கோலின் அடியிலுள்ள பிளாஸ்டிக் பாகம் உடைந்துவிடும்.

நாணயமிட்டு ஆடும் பெரிய ஆர்க்கேடு யந்திரங்களின் உறுப்புகள் இதற்கு நேர்மாறானவை. நாள் முழுதும் பலருடைய முரட்டுக் கைகளைத் தாங்க வேண்டியவை அவை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அமைந்திருப்பது மைக்ரோ ஸ்விட்ச். இதனை 1932-இல் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நகரில் மெக்கால் என்பவர் உருவாக்கினார். உள்ளிருக்கும் வளைந்த வில் ஒரு குறிப்பிட்ட எல்லை வரை அசைவதில்லை; அதனைக் கடந்தவுடன் ஒரே தாவலில் மறுபுறம் சென்றுவிடுகிறது. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் தொடுகை திடீரென்றே நிகழும். 'டிக்' என்னும் ஓசை அதனால் எழுவதே. ஆடுபவருக்கு அவ்வோசை இன்பம். அடுத்த அறையில் உறங்குபவரின் கருத்து வேறாக இருக்கக்கூடும்.

மாற்றியமைக்கும் வேலையில் மின்னணுச் சில்லு எதுவும் தேவையில்லை. அடாரி யந்திரத்தின் ஒன்பது முனை இணைப்பானில், 1 மேல், 2 கீழ், 3 இடம், 4 வலம், 6 பொத்தான், 8 தரைமுனை. ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பியும் யந்திரத்தினுள் ஒரு மின்தடை வழியே 5 வோல்ட் மட்டத்திற்கு உயர்த்தி வைக்கப்பட்டுள்ளது. ஸ்விட்ச் மூடியதும் அது தரைமுனையைச் சேர்ந்து பூஜ்யமாகிறது. யந்திரம் அதனையே கட்டளையாகக் கொள்கிறது. ஆகவே ஆறு கம்பிகள் போதும். ஆர்க்கேடு கோலின் நான்கு ஸ்விட்சுகளுக்கும் பொத்தானுக்கும் தரைக்கம்பி பொதுவாகவே அமையும்.

மைக்ரோ ஸ்விட்சில் பெரும்பாலும் மூன்று முனைகள் உண்டு: பொதுமுனை, இயல்பாகத் திறந்த முனை, இயல்பாக மூடிய முனை. முதலிரண்டையே இணைத்தல் வேண்டும். மூன்றாவதில் பற்றவைத்துவிட்டால், யாரும் தொடாமலே திரையிலுள்ள உருவம் ஒரு பக்கமாக ஓடிச் சுவரில் முட்டி நிற்கும். புதிதாகச் செய்பவர் இடறும் இடம் இன்னொன்றும் உண்டு. கோல் நடுவில் அச்சுக்கொண்டு நிற்பதால், மேற்பகுதியை முன்னே தள்ளினால் அடிப்பகுதி பின்னே செல்கிறது. எனவே பின்புற ஸ்விட்சே 'மேல்' என்பதற்குரியது. நெம்புகோல் பாடத்தை மனப்பாடம் செய்த மாணவனும் இங்கே ஒருமுறை ஏமாறக் காணலாம்.

பழைய பிடியின் கம்பியை வெட்டாமல், தனி இணைப்பான் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. அதன் உறை தடித்திருந்தால் யந்திரத்தின் குழிக்குள் நுழையாது. பெட்டிக்கு, வீட்டுத் தோட்டங்களில் வளரும் பலா அல்லது அயனி மரப்பலகை ஏற்றது. பொத்தானுக்குத் துளையிடுமுன் அதன் விட்டத்தை அளந்து கொள்க. ஜப்பானிய வகைகள் 24 அல்லது 30 மில்லிமீட்டர் அளவின.

மிகக் கருத்தாய் இருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. இணைப்பான் ஒன்றுபோல் தோன்றுவதால் உட்பொருளும் ஒன்றென எண்ணலாகாது. 1990-ஆம் ஆண்டுகளில் இந்தியக் கடைகளில் விற்ற எட்டு பிட் விளையாட்டுப் பெட்டிகள் பலவற்றிலும் ஒன்பது முனைத் துளையே இருந்தது. ஆனால் அவற்றின் பிடி, பொத்தான்களின் நிலையை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது. அதற்குரிய சில்லுக்கு மின்சாரமும் அவ்விணைப்பான் வழியாகவே செல்கிறது. மின்சாரம் வரும் முனை அடாரிப் பொத்தானின் இடத்தில் அமைந்திருந்தால், பொத்தானை அழுத்தியதும் 5 வோல்ட் நேரே தரையுடன் குறுக்கிணைந்துவிடும். பழுது நேர்வது பிடிக்கன்று, யந்திரத்திற்கு. மாற்று உறுப்பும் எளிதில் கிடைப்பதில்லை. மல்டிமீட்டரால் எந்த முனையில் மின்னழுத்தம் உள்ளதென அறிந்த பின்னரே எதனையும் செருகுதல் வேண்டும்.

1984-இல் தொடங்கிய மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறி வேறொரு வகை. அதன் பிடி, மாறும் மின்தடையால் கோலின் சாய்வை அளந்து காட்டும். ஸ்விட்சோ முழுமையும் இன்மையும் மட்டுமே அறியும். இரண்டு சம மின்தடைகளைத் தொடராக வைத்து நடுநிலை மின்னழுத்தம் பெற்று, ஒவ்வொரு ஸ்விட்சும் அவற்றுள் ஒன்றைக் குறுக்கிணைக்குமாறு செய்தால் இங்கும் ஆர்க்கேடு கோல் பயன்படும்.

இவ்வேலையைப் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுதற்கில்லை. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட, உடற்குறையுடையோருக்கான எக்ஸ்பாக்ஸ் பிடியில் 3.5 மில்லிமீட்டர்த் துளைகள் 19 உள்ளன. ஒவ்வொன்றும் வெளியிலிருந்து ஒரு ஸ்விட்சை எதிர்பார்ப்பது. விரல்களில் வலுவில்லாத குழந்தைக்கு உள்ளங்கையால் அழுத்தத்தக்க பெரிய ஆர்க்கேடு பொத்தானை அங்கே இணைக்கலாம். பற்றவைக்க வேண்டியவை இரண்டே கம்பிகள். பொதுமுனை ஒன்று, இயல்பாகத் திறந்த முனை மற்றொன்று.