பசிக்கும் ஒரு பேரேடு வேண்டும்

காசி மடத்தாலும் அருணஜடேசுவரர் கோயிலாலும் பெயர் பெற்ற ஊர் திருப்பனந்தாள். இக்கோயிலில் சாய்ந்திருந்த சிவலிங்கத்தைத் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்திய குங்கிலியக் கலய நாயனாரின் வரலாறு இப்பகுதியில் அனைவரும் அறிந்ததே. அதே வரலாற்றில் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு.

திருக்கடவூரில் கலயர் வீட்டில் வறுமை முற்றிப் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது, அவர் மனைவி தம் தாலியைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வரச் சொன்னார். வழியில் குங்கிலியப் பொதியோடு வந்த ஒரு வணிகரைக் கண்ட கலயர், தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிக் கோயிலுக்குப் போய்விட்டார். அன்றிரவு இறையருளால் வீடு நிறைய நெல் குவிந்தது என்கிறது புராணம்.

எல்லோர் வீட்டிலும் அப்படி நெல் குவிவதில்லை. கௌரவமாக வாழ்ந்த வீட்டுப் பசி வாசலில் வந்து கை நீட்டுவதும் இல்லை. அதை முதலில் அறிபவர் மளிகைக் கடைக்காரர்தான். அரைக் கிலோ பருப்பு வாங்கியவர் 100 கிராமுக்கு இறங்குவதும், எண்ணெய் பாக்கெட் வாங்கியவர் சில்லறையாகக் கேட்பதும், கடன் நோட்டில் பற்று ஏறி வரவு நின்று போவதும் நம் கண்முன் நடப்பவை. பசியின் முதல் கணக்கு நம் கடையில்தான் எழுதப்படுகிறது.

அணையாத அடுப்பு

திருப்பனந்தாளிலிருந்து அணைக்கரை, சேத்தியாத்தோப்பு வழியாக வடக்கே சென்றால் வடலூர் வரும். பசிக்கென்றே ஒரு நிலையம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உள்ள சான்று அது. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி, வைகாசி 11 அன்று, இராமலிங்க அடிகளார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்குப் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தனர். சாதி, மதம் கேட்காமல் வந்தவர்க்கெல்லாம் சோறு என்பது விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 1874-இல் அடிகளார் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தோற்றுவித்தவர் இல்லாத காலத்திலும் சாலை நின்றது.

இதில் நாம் அறிய வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. வடலூர் அடுப்பு ஒரே ஒரு பெரிய தனவந்தரை நம்பி எரியவில்லை. விவசாயி நெல்லும் காய்கறியும் அனுப்புகிறார். வணிகர் அரிசி மூட்டையும் பருப்பும் அனுப்புகிறார். வேறு சிலர் விறகு தருகிறார்கள். ஒரு கை ஓய்ந்தால் இன்னொரு கை தாங்குகிறது.

மொத்த வியாபாரமும் சில்லறையும்

வடலூர் தோன்றி சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1967-இல், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் உலகின் முதல் உணவு வங்கியை நிறுவினார். மளிகைக் கடைகளின் பின்புறம் எறியப்பட்ட, கெட்டுப் போகாத பொருள்களைப் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், பணத்துக்கு வங்கி இருப்பது போல உணவைப் போட்டு எடுக்கவும் ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று கேட்டாராம். அந்தக் கேள்வியே வித்து. செயின்ட் மேரீஸ் உணவு வங்கி பிறந்தது அப்படித்தான்.

அன்னதானக் கூடத்துக்கும் உணவு வங்கிக்கும் உள்ள வேறுபாடு நமக்கு எளிதில் விளங்கும். உணவு வங்கி என்பது மொத்த வியாபாரி. சமைத்துப் போடும் இல்லங்களும் கூடங்களும் சில்லறைக் கடைகள். வங்கி சமைப்பதில்லை. ஆலை, மண்டி, கடை ஆகியவற்றிலிருந்து சரக்கு வாங்கி, தரம் பார்த்து, தேதி பார்த்து, அடுக்கி, முதியோர் இல்லத்துக்கும் அநாதைக் குழந்தைகள் விடுதிக்கும் பிரித்து அனுப்புகிறது. டெல்லியில் 2011-இல் இவ்வகை வங்கி தொடங்கியது. கோவையில் 2014-இல் ‘நோ ஃபுட் வேஸ்ட்’ என்ற அமைப்பு வேறு வழியில் இறங்கியது. திருமண மண்டபங்களில் மிஞ்சிய உணவைச் சூடு ஆறும் முன் எடுத்துப் பசித்தவர்க்குச் சேர்ப்பது அதன் வேலை.

இலவச அரிசி இருக்கும்போது பசி ஏது?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. குறைந்த விலையில் துவரம் பருப்பும் பாமாயிலும் உண்டு. 1982 முதல் சத்துணவு. 2022 முதல் பள்ளிகளில் காலை உணவு. 2002 முதல் கோயில்களில் அன்னதானத் திட்டமும் நடக்கிறது. இவை இல்லாத மாநிலங்களோடு ஒப்பிட்டால் நம் நிலை எவ்வளவோ மேல்.

ஆனால் அரிசி மட்டும் சாப்பாடு ஆகாது. புளி, மிளகாய், எண்ணெய், எரிவாயு இவற்றுக்குக் காசு வேண்டும். தனியே கிடக்கும் முதியவர் அரிசி இருந்தும் சமைக்க முடியாமல் படுத்திருப்பார். பிழைக்க வந்த வெளிமாநிலத் தொழிலாளியிடம் இவ்வூர்க் கார்டு இல்லை.

டெல்டாவுக்கென்று ஒரு பருவப் பசியும் உண்டு. சம்பா நடவு முடிந்தால் தை அறுவடை வரை விவசாயக் கூலிக்கு வேலை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிவேலையும் நின்றுவிடும். அறுவடையிலும் இப்போது பாதி வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத ஆண்டுகளில் குறுவைக் கூலியும் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்ததும் இதே மழைப் பருவத்தில்தான். ஆகவே நெற்களஞ்சியத்தில் பசியா என்று கேட்பவருக்கு, நெல் விளையும் மாதமும் கூலி கிடைக்கும் மாதமும் வேறு வேறு என்பதே பதில்.

நம்மிடம் உள்ள வழிகள்

இதற்கு அமெரிக்காவைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. காஞ்சிப் பெரியவர் வற்புறுத்திய பிடி அரிசித் திட்டம் இங்கே பலர் வீட்டில் நடந்ததுதான். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவது. பிடி 50 கிராம் என்று வைத்தால் மாதம் ஒன்றரைக் கிலோ. 200 வீடுகள் சேர்ந்தால் 300 கிலோ. 25 கிலோ மூட்டையில் 12 மூட்டை!

வணிகர்களுக்கோ மகமை இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த சிறு தொகையில்தான் தென்மாவட்ட வணிகர்கள் பள்ளிகளும் கோயில்களும் கட்டினார்கள். விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை அதற்குச் சாட்சி.

மத்திய அரசு 1996-97-இல் தொடங்கிய கிராம தானிய வங்கித் திட்டம் இன்னொரு பாடம். குடும்பத்துக்கு ஒரு குவிண்டால் வீதம் தானியம் இருப்பு வைத்து, பஞ்ச மாதத்தில் கடனாகக் கொடுத்து, அறுவடைக்குப் பின் தானியமாகவே திரும்பப் பெறுவது அதன் முறை. வாங்குபவருக்கு யாசகம் என்ற கூச்சம் இல்லை. கடன் நோட்டு எழுதுபவர்களுக்கு இம்முறை புதிதல்ல.

கொடுப்பதிலும் வியாபார ஒழுங்கு

ஊர்ச் சங்கம் ஒன்று இதில் இறங்க நினைத்தால், கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்ளலாம்.

முதலாவது, தேதி. விற்காததைத் தள்ளிவிடும் இடமல்ல உணவு வங்கி. உபரி உணவு பற்றி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிமுறையே வகுத்துள்ளது. காலாவதியான பொருளைத் தானமாகவும் தரக் கூடாது. தேதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் அது தானம். வண்டு விழுந்த ரவை, சிக்கடித்த எண்ணெய் வேண்டாம்.

இரண்டாவது, ஒழுங்கு. பண்டிகையன்று பத்து மூட்டை கொடுத்துவிட்டு மற்ற நாளில் மறப்பதைவிட, மாதம் ஒரு மூட்டை தவறாமல் கொடுப்பது மேல். சமைப்பவருக்கு நாளைய சரக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை கூடுதலாகக் கொடுக்கத் தையிலிருந்தே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். வருமான வரியில் நன்கொடைச் சலுகை பணத்துக்கே உண்டு, பொருளுக்கு இல்லை. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. காசோலையாகத் தர வேண்டும். ஆடிட்டரைக் கலந்து, தருமக் கணக்கைத் தனியே எழுதிவிட்டால் பின்னால் தொல்லை இல்லை.

நான்காவது, மரியாதை. வாங்குபவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வதும், படம் எடுத்து ஒட்டுவதும் வேண்டாம். அவர் நேற்றுவரை நம் வாடிக்கையாளர். தை பிறந்ததும் மீண்டும் வாடிக்கையாளர்.

சரக்கு இருப்பு, தேதி, எடை, பற்று வரவு ஆகிய நான்கும் தெரிந்தவரால்தான் உணவு வங்கி நடத்த முடியும். இந்த நான்கும் நம் அன்றாடத் தொழில். வடலூரில் 1867-இல் மூட்டிய அடுப்புக்கு நம் முன்னோர் அனுப்பிய மூட்டைகள் உண்டு. நம் ஊர்க் கடைத்தெருவிலும் அப்படியொரு கணக்கைத் தொடங்கலாம். பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கும் புதுக் கணக்கில், முதல் பக்கத்தை அதற்கு ஒதுக்குவோமாக.