ஒரே தொப்பி, பல தோற்றங்கள்

பாடசாலை விட்டு வந்த பிள்ளை கணினியின் முன் அமர்ந்திருக்கிறது. என்ன செய்கிறாய் என்று கேட்டால், "தொப்பிக்குப் புதுப் படம் போர்த்துகிறேன், எதைப் போர்த்துவது என்றுதான் தெரியவில்லை" என்கிறது. பெற்றோர் பலருக்கு இப்பதில் விளங்குவதில்லை. ஆயினும் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் இது. பிள்ளையின் கற்பனையும், சிலவேளை வீட்டுப் பணமும் இதில் கலந்திருக்கின்றன.

றொப்லொக்ஸ் என்னும் இணைய விளையாட்டுத் தளம் 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே விளையாடும் ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் உண்டு. அவ்வுருவத்திற்கான தொப்பிகளை நீண்ட காலம் நிறுவனமே செய்துவந்தது. 2019இல் தெரிவு செய்யப்பட்ட பயனாளர் சிலருக்கும் தொப்பி செய்து விற்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது; பின்னர் அது மேலும் பலருக்கு விரிந்தது.

இத்தகைய தொப்பி இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, சிறு முக்கோணங்களால் அமைந்த வடிவம். மற்றையது, அதன்மேல் போர்த்தப்படும் தட்டையான படம். தைப்பதற்காக வெட்டி விரித்த துணியைப் போன்றது. வடிவத்தைத் தொடாது படத்தை மட்டும் மாற்றினால் புதிய தொப்பி பிறக்கும். நிறுவனமே இவ்வழியைக் கையாண்டது. 2010இல் வெளியான 'டொமினஸ் எம்பிரியஸ்' என்னும் முக்காட்டைத் தொடர்ந்து அதே வகையில் வேறு முக்காடுகளும் வந்தன. அவற்றுள் 'பிறிஜிடஸ்' பனியை நினைவூட்டும். 'இன்பேர்னஸ்' தீயை நினைவூட்டும். இங்கு மாறியது வெறும் நிறமன்று, கருத்து.

புதிய எண்ணம் தோன்றாது தவிக்கும் பிள்ளை மூன்று கேள்விகளைத் தன்னிடமே கேட்கலாம். இத்தொப்பி எப்பொருளால் ஆனது? எவ்வளவு பழையது? எங்கே கிடந்தது? இரும்பென்றால் விளிம்பிலும் பொருத்துகளிலும் துரு ஏறும். கைபடும் இடம் மினுங்கும். பனியில் கிடந்ததென்றால் வெண்மை மேற்புறத்தில் தங்கும், அடிப்புறத்தில் தங்காது. மரப்பட்டை, செங்கற்சுவர், உதிர்ந்த இலை ஆகியவற்றைத் தானே படம் பிடித்து அவற்றின் நிறங்களை எடுத்தாளலாம்.

செய்முறையிலும் கவனம் வேண்டும். விளையாட்டில் தொப்பி மிகச் சிறிதாகவே தெரியும். நுணுக்கமான கோடுகள் மறைந்துபோகும். எனவே தெளிவாக வேறுபடும் இரண்டு மூன்று நிறங்கள் போதும். படத்தின் ஓரங்கள் சேரும் இடத்தில் கோலம் முறிகின்றதா என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். இதற்குப் பிளெண்டர், கிம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. பிறர் வரைந்த படத்தையோ, புகழ்பெற்ற நிறுவனத்தின் சின்னத்தையோ எடுத்துப் போர்த்தினால் தொப்பி நீக்கப்படலாம். பிள்ளையின் கணக்கே முடக்கப்படவும் கூடும். அடுத்தது பணம். தளத்தின் நாணயமான றோபக்ஸை உண்மையான காசு கொடுத்தே வாங்குகின்றோம். விற்பனைக்கு விடுவதற்கும் கட்டணம் உண்டு. இட்டது திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே முதலில் கணினியிலேயே செய்து முடித்து, வீட்டாருக்குக் காட்டி, குறைகளைத் திருத்தட்டும்.

அடுத்த முறை பிள்ளை தன் தொப்பியைக் காட்டும்போது, நிறம் அழகா இல்லையா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "இது எதனால் ஆனது?" என்று கேளுங்கள். விடை சொல்ல முயலும்போதே அடுத்த எண்ணம் பிறந்துவிடும்.