சலீல்தாவுக்கு ஒரு கிடார் வணக்கம்

கல்கத்தாவுக்கு வந்த புதிதில் என்னை வியக்க வைத்தது, மாலை வேளைகளில் வீடுகளிலிருந்து கேட்கும் ஹவாயன் கிடார். நம் பக்கத்தில் பெண்கள் வீணை கற்றுக்கொள்வதுபோல இங்கே இதைக் கற்றார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹவாய்க் கலைஞர் தவ் மோ குடும்பத்தோடு இந்நகரில் தங்கி வாசித்தார். கார்னி நைஸ் அவரிடம் கற்றார். பிறகு கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தா, பட்டுக் நந்தி, சுனில் கங்குலி என்று ஒரு வரிசையே உருவாயிற்று.

எனக்கும் ஆசை விட்டபாடில்லை. கீழ்த்தளத்தில் குடியிருந்த வங்காளிப் பெரியவரிடம் ஞாயிறுதோறும் பாடம். மாஸ்டர்மொஷாய் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தெய்வம் சலீல் சௌத்ரி. பாட்டும் தாமே எழுதி, மெட்டும் தாமே போட்டவர். 'தோ பீகா ஜமீன்' (1953) படத்தின் கதைகூட அவருடையதுதான்.

2025-ல் சலீல்தாவின் நூற்றாண்டு வந்தபோது மாஸ்டரின் இடது கை பக்கவாதத்தில் விழுந்திருந்தது. "நீ வாசித்துப் பதிவு செய்து கொண்டு வா" என்று சொல்லி, தம் இரும்புக் கட்டையை என் கையில் வைத்தார். அந்தக் கட்டைதான் இந்த வாத்தியத்துக்கு உயிர். கிடாரை மடியில் படுக்க வைத்து, தந்திகளை அழுத்தாமல் கட்டையை மேலே வழுக்கிச் செல்ல வேண்டும். மயிரிழை விலகினாலும் சுருதி போச்சு. சலீல்தாவின் மெட்டுகளோ திடீர் திடீரென்று தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் வழுக்கினால் பூனை அழுவதுபோல இருக்கும். உள்ளங்கையால் தந்தியை அடக்கிவிட்டு அடுத்த தந்திக்குப் போக வேண்டும்.

எங்கள் படுக்கையறைதான் ஸ்டூடியோ. ஜன்னலுக்கு மெத்தை, மின்விசிறிக்கு ஓய்வு, நான்கு தடிப் புத்தகங்களின் மேல் செல்போன். சமையலறைக் குக்கரை மட்டும் என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை.

நான் எடுத்துக்கொண்ட மெட்டு நம்மவர்களுக்கும் தெரிந்ததே. வங்காளியில் சலீல்தா எழுதியது. இந்தியில் 'ஆனந்த்' (1971) படத்தில் லதா பாடியது. தமிழில் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) படத்தில் எஸ்.பி.பி. பாடியது.

முதல் பதிவைக் கேட்ட மாஸ்டர், "கிடார் கேட்கிறது, பாட்டு கேட்கவில்லையே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. யோசித்தபோதுதான் புரிந்தது: என் மனத்தில் ஓடியது எஸ்.பி.பி.யின் தமிழ். தமிழ்ச் சொல் முடிகிற இடத்தில் நான் மூச்சு விட்டிருக்கிறேன். அங்கே வங்காளிச் சொல் பாதியில் நிற்கிறது. வாத்தியத்துக்கு ஏது மொழி என்று நினைத்திருந்தவன் நான்!

அவர் வங்காளி வரிகளைச் சொல்லச் சொல்ல, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். (நம் ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு பட்ட பாடு தனிக் கதை.) ஆறு முறை பதிவு செய்தேன். ஏழாவதைக் கேட்கும்போது அவர் வலது கை, மடியில் கிடந்த இடது கையின் மேல் மெல்லத் தாளம் போட்டது.

மூன்றாவது அடியில் குக்கர் விசில் விழுந்திருந்தது. அழித்துவிடட்டுமா என்றேன்.

"இருக்கட்டும். இப்போது அந்தத் தமிழ்ப் பாட்டைப் பாடிக் காட்டு. அதுவும் அவருடையதுதானே? அடுத்த ஞாயிறு அதைப் பதிவு செய்வோம்" என்றார்.