வெட்டச் சொன்ன உத்தரவு எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரம்பம் ஓடத் தொடங்கினால் மதியத்துக்குள் கிளைகள் லாரியில் ஏறிவிடும். திங்கட்கிழமை அலுவலகம் திறந்து யாராவது புகார் எழுதி வாங்குவதற்குள் அடிமரமும் போயிருக்கும். நகரத்து மரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. ஆகவே ரம்பச் சத்தம் கேட்டதும் இறங்கிப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வெட்டச் சொன்ன எழுத்துப்பூர்வமான உத்தரவு எங்கே, அதில் யார் கையெழுத்து இருக்கிறது?

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் வலு உண்டு. அந்த வலு வந்த வழி தமிழ்நாட்டிலிருந்து தொடங்குகிறது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிக்கப்படுவதைப் பொறுக்காமல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12-ல் வந்த இடைக்கால உத்தரவு, அரசுப் பதிவேட்டில் காடு என்று இருப்பது மட்டுமல்ல, அகராதிப் பொருளில் காடாக இருப்பதும் காடுதான் என்றது. அதே வழக்கில் அந்தமான் விவகாரமும் சேர்ந்தது. லிட்டில் அந்தமானில் ஓங்கே பழங்குடியினரின் காட்டில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்துச் சூழல் அமைப்புகள் முறையிட, நீதிமன்றம் நியமித்த சேகர் சிங் ஆணையம் 2002 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. மே 7-ல் உத்தரவு பிறந்தது.

அந்த உத்தரவைத் தீவுவாசிகள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தீவுகளுக்கு வெளியே அனுப்புவதற்காக மரம் வெட்டக் கூடாது. பழங்குடியினர் ஒதுக்கிடங்களில் வணிகத்துக்காக வெட்டக் கூடாது. உள்ளூர் மக்கள் வீடு கட்டவும் அடுப்பெரிக்கவும் உண்மையாகத் தேவைப்படும் மரத்துக்கு மட்டும் வழி விடப்பட்டது. 1883-ல் தொடங்கிய சாத்தம் மர ஆலை நூறாண்டுக்கும் மேலாகப் படாக், குர்ஜன் மரங்களை அறுத்துத் தள்ளிய ஊரில் இது சாதாரணத் திருப்பமல்ல.

ஆனால் அந்த உத்தரவு காட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஊருக்குள் வரும்போது கவசம் மெலிகிறது. டெல்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும், கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டமும், மகாராஷ்டிர நகரங்களில் 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் தெருவோர மரத்தையும் வீட்டு மரத்தையும் பெயர் சொல்லிக் காக்கின்றன. தீவுகளில் பாதுகாப்பு பெரும்பாலும் வனச் சட்டங்களிலிருந்தும் நீதிமன்ற உத்தரவுகளிலிருந்துமே வருகிறது. வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தம், காடல்லாத நிலத்தில் நட்டு வளர்த்த மரங்களை அதன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. எனவே மரம் எந்த நிலத்தில் நிற்கிறது என்பதே முதல் முடிச்சு. வன நிலமா, வருவாய்த் துறை நிலமா, நகராட்சியுடையதா, பொதுப்பணித் துறையின் சாலையோரமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுக்கும் புகார் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ரம்பம் இல்லாமலும் மரம் சாகும். நடைபாதை போடும்போது அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் வேருக்கு இறங்குவதில்லை. விளம்பரப் பலகைக்காக அடித்த ஆணியைச் சுற்றிப் பட்டை கறுத்து அழுகுகிறது. குப்பையைக் குவித்துத் தீ வைக்கும் இடமும் மரத்தடிதான். சில வருடத்தில் ஒரு பக்கம் பட்டுப்போகும். பிறகு அதையே காட்டி ‘ஆபத்தான மரம்’ என்று வெட்ட மனு வரும். டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. நகராட்சிக்கு மனு எழுதும்போது அதை எடுத்துக்காட்டலாம்.

மின்கம்பிக்கு இடைஞ்சல் என்பது அடுத்த காரணம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-வது பிரிவு, கம்பிக்குத் தடையாக உள்ள மரத்தை அகற்ற நிர்வாக நடுவரோ உரிய அதிகாரியோ உத்தரவிட வழி செய்கிறது. கம்பி வருவதற்கு முன்பே அந்த மரம் அங்கே நின்றிருந்தால் அதில் உரிமையுள்ளவருக்கு இழப்பீடும் தர வேண்டும். வீட்டு மா, பலாவை இழந்தவர்களில் இதைக் கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்?

கடலோரத்துக்குத் தனி விதி உண்டு. 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட் பகுதி வயல்களில் கடல்நீர் புகுந்தது. கரையைக் காக்கும் அலையாத்தி மரங்களின் அருமையை அந்த ஊருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் தீவுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அலையாத்திக் காட்டை மிகக் கடுமையான பாதுகாப்பு வகையில் சேர்க்கிறது. அதன் பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றிலும் 50 மீட்டர் இடம் விட வேண்டும்.

தண்டனையைப் பார்த்தால் மனம் கொதிக்கும். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் மூல வாசகப்படி ஒதுக்குக் காட்டில் மரம் வெட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். மேற்கு வங்கத்தின் ஜெசூர் சாலை மரங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவோ, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. அப்படியிருந்தும் 2023-ல் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்ட அனுமதி கிடைத்தது. மாறாக, உத்தரப் பிரதேசத்தில் தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பாதுகாப்பு மண்டலத்தில் அனுமதியின்றி 454 மரங்களை வெட்டியவருக்கு 2025 மார்ச்சில் மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் அபராதம் விதித்தது உச்ச நீதிமன்றம்.

உத்தரவு வாங்கி வெட்டுவதுதான் இன்னும் பெரிய வெட்டு. கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் அமைக்கும் திட்டத்துக்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு 2022 அக்டோபரில் முதற்கட்ட அனுமதி தரப்பட்டது. சுமார் 9.64 லட்சம் மரங்கள் வெட்டப்படலாம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஈடாக மரம் நடத் திட்டமிட்ட இடம் ஹரியானா. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நடும் கன்று நிக்கோபார் மழைக்காட்டுக்கு எப்படி ஈடாகும்? நிக்கோபாரின் பழங்குடி மன்றம் தான் கொடுத்த ஆட்சேபமின்மைக் கடிதத்தை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது.

சாதாரண மனிதருக்கு வழிகள் இருக்கின்றன. முதலில் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து, காவல் நிலையத்திலும் கோட்ட வன அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும். அரசு நிலத்து மரம் பொதுச் சொத்து. 1984-ஆம் ஆண்டுப் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தைப் புகாரில் குறிப்பிடலாம். மண்ணிலிருந்து பிரித்த மரம் அசையும் சொத்தாகிவிடுவதால் அதை நேர்மையற்று எடுத்துப் போவது திருட்டு. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, உத்தரவு எண், காரணம், வெட்டிய மரங்களின் எண்ணிக்கை, மரக்கட்டை போன இடம் ஆகியவற்றைக் கேட்கலாம்; 30 நாளில் பதில் வர வேண்டும்.

அதற்கு மேல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் இந்திய வனச் சட்டம் இல்லை. மனுவை வனப் பாதுகாப்புச் சட்டத்தின் மீதோ, கடலோர விதிகளுக்கு அடிப்படையான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் மீதோ நிறுத்த வேண்டும். ரம்பம் நாளையே வரும் என்றால், கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு போர்ட் பிளேரிலேயே இருக்கிறது; இடைக்காலத் தடை கேட்டு அங்கே செல்லலாம்.