கணிப்பொறிக்கும் பராமரிப்பு உண்டு

ஷா ஆலமின் தொழிற்பேட்டைகளில் சரக்கு லோரி வைத்துத் தொழில் நடத்தும் ஒருவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த லோரியைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய், பிரேக்கும் டயரும் புகையும் விதிப்படி இருக்கின்றன என்று சான்று பெற்றாக வேண்டும். அதே முதலாளியின் காரியாலயத்தில், வாடகைக் கணக்கையும் வாடிக்கையாளர் விவரங்களையும் ஊழியர் சம்பளப் பட்டியலையும் தன்னுள்ளே அடக்கிக்கொண்டு மேஜைமேல் வீற்றிருக்கும் கணிப்பொறிக்கு அத்தகைய சான்று கேட்டு எவரும் வருவதில்லை. லோரியில் பழுது நேர்ந்தால் ஓசையோ புகையோ முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். கணிப்பொறியின் பாதுகாப்பில் விழுந்த ஓட்டையோ, அதன் வழியாக ஒருவன் உள்ளே நுழையும் கணம்வரை யாதொரு அறிகுறியும் காட்டாது. ஆகவேதான், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் தொடாதே என்னும் பழைய பட்டறை வழக்கம் இங்கே ஆபத்தாக முடிகிறது.

சில ஆண்டுகளாகக் கணிப்பொறிப் பராமரிப்பின் அவசியம் மிகுந்துவிட்டது. 2024 ஆகஸ்டு முதல் தேதியன்று, ஆண்டு வருமானம் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறை, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களையும் தொட்டு வந்திருக்கிறது. பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதிய காலத்தில் கணிப்பொறி கெட்டால் வேலை தாமதப்பட்டது. இப்போது வியாபாரமே நின்றுபோகும்.

முதலில் அப்டேட் என்பதைப் பார்ப்போம். வேலைக்கு நடுவே திரையின் மூலையில் தோன்றித் தொந்தரவு செய்யும் அந்த அறிவிப்பை, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைப்பவர்களே அநேகம். லட்சக்கணக்கான வரிகளாக எழுதப்படும் மென்பொருளில் பிழைகள் இருப்பது இயல்பு. அவற்றுள் சில, அந்நியன் நுழைவதற்குக் கதவாகிவிடுகின்றன. அத்தகைய பிழை தெரியவந்ததும் தயாரித்த நிறுவனம் திருத்தத்தை வெளியிடுகிறது. இங்கேதான் பலரும் அறியாத சூட்சுமம் ஒன்று இருக்கிறது. வெளியான திருத்தத்தைப் பழைய மென்பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்பது கெட்ட எண்ணம் கொண்ட வல்லுநனுக்கும் விளங்கிவிடும். ஆதலால் திருத்தம் வெளிவந்த பிறகு அதை ஏற்காத கணிப்பொறி, முன்பு இருந்ததைவிட அதிக அபாயத்தில் இருக்கிறது.

இதற்குச் சரித்திர சாட்சியம் உண்டு. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் இருந்த ஒரு பிழைக்கு மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்னும் தீநிரல் அதே ஓட்டை வழியாக உலகமெங்கும் பாய்ந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. பிரிட்டனின் அரசாங்க மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. யாரும் எந்த இணைப்பையும் அழுத்த வேண்டிய அவசியமின்றி, ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவியது அது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் திருத்தத்தைச் செலுத்தாதவர்களே பெரும்பாலும் அதற்கு இரையானார்கள்.

மைக்ரோசாப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்கக் காலைப்பொழுதில் வெளியாகும் அவை நமக்குப் புதன்கிழமை விடியுமுன் வந்துவிடுகின்றன. அன்று மாலை கடையடைக்கும் வேளையில் அப்டேட்டை ஓடவிட்டு, கணிப்பொறியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். இறங்கிய திருத்தங்களுள் பல, ரீஸ்டார்ட் செய்த பிறகே நடைமுறைக்கு வருகின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துபோயிற்று என்பதையும் மறக்கலாகாது. சுவரோரத்தில் தூசி படிந்து கிடக்கும் ரவுட்டருக்கும் அப்டேட் உண்டு. அதன் நிர்வாகப் பாஸ்வேர்டை, பெட்டியோடு வந்தபடியே விட்டுவைப்பது தகாது.

மனிதர் வழியாக வரும் அபாயம் வேறு வகையானது. வழக்கமாகச் சரக்கு அனுப்பும் வியாபாரியின் மின்னஞ்சலைக் கைப்பற்றிய ஒருவன், அவருடைய நடையிலேயே எழுதி, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று புதிய எண்ணைத் தருகிறான். காரியாலய ஊழியர் நல்லெண்ணத்தோடு பணத்தைச் செலுத்திவிடுகிறார். கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால், அந்தக் கடிதத்திலுள்ள எண்ணுக்கன்றி, முன்பே நம்மிடம் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து விசாரித்துவிடுவதே இதற்கு உற்ற காப்பு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவதும், மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைப்பதும் இதே வகுப்பைச் சேர்ந்தவை. பணம் போய்விட்டதென்று தெரிந்தால் உடனே வங்கியையோ 997 என்னும் தேசிய மோசடித் தடுப்பு மைய எண்ணையோ அழைக்க வேண்டும். இதில் நிமிஷங்களுக்கு மதிப்பு உண்டு.

இத்தனை ஜாக்கிரதைக்கும் மேலே, நான் தலையாயது என்று கருதுவது பேக்கப் ஒன்றையே. 2021 டிசம்பர் 18 அன்று பெருமழையில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளக்காடானதை இவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். கீழ்த்தளங்கள் முழுகிப்போன அந்த நாட்களில், மேஜைமேல் கணிப்பொறியும் அதன் பக்கத்து இழுப்பறையில் பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கும் வைத்திருந்த ஒருவருக்கு, இரண்டும் ஒரே தண்ணீரில் போயிருக்கும். பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரலும் அவ்வாறே செய்யவல்லது. எந்நேரமும் கணிப்பொறியோடு இணைந்திருக்கும் டிஸ்க்கையும் அது சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், அவை இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது இத்துறையினர் வகுத்த நியதி. ஒரு டிஸ்க்கில் பிரதியெடுத்து, உடனே கழற்றி, வாரந்தோறும் முதலாளியின் வீட்டுக்கோ, மேட்டுப்பாங்கான வேறிடத்துக்கோ கொண்டுபோய் வைக்கலாம். இணைய மேகத்தில் ஒரு பிரதியும் இருந்தால், மூலத்தோடு சேர்த்து மூன்றும் நிறைவாகும்.

கணக்கு மென்பொருள் விஷயத்தில் ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். திரையில் தெரியும் சின்னத்தையோ, 'டாக்குமெண்ட்ஸ்' அடைவையோ நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. உண்மையான கணக்கோ, பெரும்பாலும் வேறோர் இடத்திலுள்ள தரவுத்தளத்தில் இருக்கிறது. அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் கட்டளையைக் கொண்டு எடுத்தாலன்றி அது முழுமையாக வராது.

எடுத்த பிரதி பயன்படுமா என்பதையும், வேண்டிவரும் நாளுக்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும். இந்த மாதக் கடைசியில், கணக்கு மென்பொருள் உள்ள மற்றொரு கணிப்பொறியில் அந்தப் பிரதியை மீட்டுத் திறந்து, கடைசியாக எழுதிய விலைப்பட்டியலின் எண்ணும் தொகையும் மூலத்தோடு பொருந்துகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். பொருந்தாவிட்டால், உங்களிடம் பேக்கப் இல்லை என்றே கொண்டு, அன்றைக்கே வேறு ஏற்பாடு செய்யுங்கள்.