நரம்பின் வாயிலும் அதன் துணையும்

நமுனுகுல என்னும் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்பது பொருள். அம்மலையின் சாரலிலுள்ள தேயிலைத் தோட்டங்களில், காலையிற் பிள்ளைக் காம்பராவில் விடப்பட்ட குழந்தைக்கு மாலைக்குள் காய்ச்சல் ஏறிவிடுவது புதிதன்று. அரிதாக, அக்காய்ச்சலின் உச்சத்திற் குழந்தையின் கண்கள் மேலே செருகும். கை கால்கள் வெட்டி இழுக்கும். லயமே கூடிவிடும். ஒருவர் இரும்புத் துண்டைக் கையிற் திணிப்பார். மற்றொருவர் பற்களுக்கிடையே கரண்டியைச் செருக முயல்வார். 'பேய்க் குற்றம்' என்பார் வேறொருவர்.

இதற்கு மருத்துவர் இட்ட பெயர் காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதத்திற்கும் ஐந்து வயதிற்கும் இடைப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அவ்வேளையிற் செய்ய வேண்டியது சிறிதே: குழந்தையைப் பக்கவாட்டிற் கிடத்துதல், வாயில் எதனையும் இடாதிருத்தல், பிடித்து அமுக்காதிருத்தல், நேரத்தைக் கவனித்தல். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் பதுளைக்கு இறங்கும் பாதையிற் தாமதியாமற் புறப்பட வேண்டும். உடனே நின்றுவிட்டாலும், முதன்முறையாயின் வைத்தியரிடம் காட்டுதல் இன்றியமையாதது. மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய நோயும் வலிப்போடு தொடங்கக்கூடும்.

எனினும் வெறும் உடற்சூடு மூளையை ஏன் இவ்வாறு ஆட்டுவிக்க வேண்டும்? விடையின் ஒரு பகுதி நரம்புக் கலத்தின் மென்சவ்விலே இருக்கின்றது.

நரம்பில் ஓடும் செய்தி ஒரு மின் துடிப்பாகும். சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்க, வெளியேயுள்ள சோடியம் அயன்கள் உட்பாய்வதால் அது பிறக்கின்றது. கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து இதனை 1952-இல் விளக்கியவர்கள் இங்கிலாந்தின் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்போர். 1963-இல் நோபல் பரிசு அவர்களை அடைந்தது. வாயில் திறப்பது போலவே அது மூடுவதும் முக்கியம். ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கிற்குள் அது அடைபட வேண்டும். அடைபடத் தாமதித்தால் ஒரு துடிப்பின் மேல் மற்றொரு துடிப்பு எழும். அத்தகைய கலங்கள் பல ஒருங்கே கிளர்ந்தெழுவதே வலிப்பு.

வாயில் என்று இங்குக் கூறப்பட்டது ஏறத்தாழ இரண்டாயிரம் அமினோ அமிலங்களாலான பெரும் புரதமாகும். ஆல்பா என்பது அதன் பெயர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வில்லியம் கேட்டரல் குழுவினர் எலியின் மூளையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தபோது, அதனோடு ஒட்டிக்கொண்டு சிறு புரதங்கள் சிலவும் வந்தன. இவற்றுக்குப் பீட்டா என்று பெயரிட்டனர். இவை தாமாகச் சோடியத்தைக் கடத்துவதில்லை. பயனற்ற ஒட்டுண்ணிகளோ என ஐயுறத்தக்கவாறு இருந்தன.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர்க்கு இவற்றின் பணியை விளக்குவது எளிது. கொழுந்தை உருட்டுவது உருளை யந்திரம். அதன் மேலுள்ள அழுத்துமூடி கொழுந்தை உருட்டுவதில்லை. ஆனால் அம்மூடியை எப்பொழுது இறக்குவது, எப்பொழுது தளர்த்துவது என்பதைப் பொறுத்தே கொழுந்தின் பக்குவம் அமையும். தளர்த்தாது விட்டால் இலை சூடேறிக் கெடும். பீட்டாவும் அத்தகைய துணையே.

இதற்கு 1992-இல் சான்று கிடைத்தது. தவளை முட்டைக்குள் ஆல்பாவை மட்டும் உருவாக்கிய ஆய்வாளர், வாயில் மந்தமாக அடைபடக் கண்டனர். முதலாம் பீட்டாவையும் உடன் சேர்த்ததும் அது பன்மடங்கு விரைந்து அடைபட்டது. பாய்ந்த மின்னோட்டத்தின் அளவும் பெருகிற்று. பின்னர் மேலும் மூன்று பீட்டாக்கள் அறியப்பட்டன. சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இவற்றின் தலைப்பகுதி, கலத்தோடு கலத்தைப் பிணைக்கும் புரதங்களின் சாயலுடையது. ஆகவே வளரும் நரம்புகள் தத்தம் இடத்தை அடையவும் இவை உதவுகின்றன.

1998-இல், காய்ச்சல் வலிப்புத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஆஸ்திரேலியக் குடும்பமொன்றில், முதலாம் பீட்டாவின் மரபணுவில் ஒரேயோர் எழுத்துப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. 121-ஆம் இடத்திற் சிஸ்டீன் இருக்க வேண்டியவிடத்து டிரிப்டோபன் இருந்தது. அதனால் தலைப்பகுதியின் மடிப்பைக் கட்டி நிறுத்தும் பிணைப்பொன்று அறுந்துபோயிற்று. கனடாவில் 2012-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒருபடி சென்றது. இயல்பான பீட்டா உடனிருக்கையில், வெப்பம் ஏறினும் வாயில் பெரிதும் நிலைகுலையவில்லை; பிழையுற்ற பீட்டாவோடு வெப்பத்தை ஏற்றியபோதோ எளிதிற் கிளர்ந்தது. அதாவது சூட்டினின்று நரம்பைக் காப்பதும் அச்சிறு துணையின் தொழில்களுள் ஒன்று.

காய்ச்சலில் வலிப்புறும் குழந்தைகள் எல்லாரிடத்தும் இப்பிழை உண்டு என்று கொள்ளலாகாது. அது மிக அரிது. பிழையைப் பெற்றும் வலிப்பே காணாது வாழ்வோரும் உளர். வேறு மரபணுக்களும், காய்ச்சலைத் தரும் கிருமியும், குழந்தையின் வயதும் இதிற் பங்கு கொள்கின்றன. பெருந்தொகையான குழந்தைகளுக்கு ஆறு வயதாகுமுன் இத்தொல்லை நீங்கிவிடும். ஆறு வயதிற்குப் பின்னும் காய்ச்சலோடு தொடர்வது, அல்லது காய்ச்சலே இன்றி வருவது வேறு வகை. அவ்வகையைப் பிரித்தறிவது மருந்தைத் தேர்வதற்கும் வேண்டும்; சோடிய வாயிலை அடைக்கும் வலிப்பு மருந்துகள் சில, இதனோடு உறவுடைய கடும் வலிப்பு நோய்களில் நிலைமையை மோசமாக்குவதுண்டு.

ஆதலின் வைத்தியர் தாயிடம் இரண்டு கேள்விகள் கேட்பார். தந்தை வழியிலோ தாய் வழியிலோ எவருக்கேனும் சிறுவயதில் வலிப்பு வந்ததா? வந்தது எந்த வயதில் நின்றது? பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையாகுமென்று அஞ்சி, முதற் கேள்விக்கு 'இல்லை' என்று கூறிவிடும் வீடுகள் பல. மறைக்கப்படுவது பேயுமன்று, குலத்தின் பழியுமன்று. இருநூறு சொச்சம் அமினோ அமிலங்களுள் ஒன்று மாறியிருக்கலாம் என்னும் செய்தியே அது. பாட்டியின் நினைவிலிருந்தாவது அது வைத்தியரின் காதுக்கு எட்டினால், அக்குழந்தைக்கு ஏற்ற மருந்து எது, ஏலாதது எது என்று அவர் முதல் நாளிலேயே எண்ணத் தொடங்கலாம்.